கார் ரிமோட் சாவி, ப்ளூடூத் சத்தம்: பாளையங்கோட்டையில் ஒரு சாவிக்கடை

கார் ரிமோட் மக்கர் பண்ணினால் புதுச் சாவிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், பாளையங்கோட்டையில் சமாதானபுரத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு சாவிக்கடை இருக்கிறது, அங்கே ஒருமுறை காட்டிவிடுங்கள். கடைக்குப் பெயர் கிடையாது. தகர போர்டில் ‘கார் சாவி, பைக் சாவி, பீரோ சாவி, ரிமோட் ரிப்பேர்’ என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். உள்ளே நின்று கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். சாவி வேலைக்கு நான் முழு மார்க் போடுவேன், ப்ளூடூத் வேலைக்குப் பாதி மார்க். அந்தப் பாதி எங்கே போச்சு என்பதைக் கீழே சொல்கிறேன், நிறையப் பேருக்கு உபயோகமான விஷயம் அதில்தான் இருக்கிறது.

எங்கள் வண்டி பழைய ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டக்கென்று விரியும் மடக்குச் சாவி, அதிலேயே லாக், அன்லாக் பட்டன். ஸ்டீரியோ கம்பெனியில் வந்ததில்லை, பழைய ஓனர் வெளியே வாங்கிப் போட்டது. இரண்டு தொந்தரவும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் ஆரம்பித்தன. ரிமோட்டைக் கண்ணாடியை ஒட்டி வைத்து அமுக்கினால்தான் கேட்டது, அதிலும் லாக் ஆகும், அன்லாக் ஆகாது. ப்ளூடூத்தில் பாட்டு கதவு அதிரக் கேட்கும், போன் வந்தால் மட்டும் எதிரில் பேசுகிறவர் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். வேலைக்காக வள்ளியூர் போய் வருகிறவன் நான். நாங்குநேரி தாண்டினால் ஆனி ஆடிக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், அந்த இரைச்சலில் ஒரு வார்த்தை பிடிபடாது. அதற்காகப் போனைக் கையில் எடுத்துக் காதில் வைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதமே 1000 ரூபாயில்தான் ஆரம்பிக்கிறது.

முதலில் கேட்டது கம்பெனி சர்வீஸில். எந்தக் கம்பெனி, எந்தக் கிளை என்று எழுதப்போவதில்லை. ரிமோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் புது செட் ஆர்டர் போட வேண்டும், 7000 ரூபாய்க்கு மேல் வரும், வந்து சேர நாளாகும் என்றார்கள். ஸ்டீரியோ நாங்கள் போட்டதில்லை, கை வைக்க மாட்டோம் என்றார்கள், அது நியாயம்தான். முதல் பதில்தான் எனக்கு ஒப்பவில்லை.

சாவிக்கடை அண்ணாச்சிக்கு அறுபதுக்குப் பக்கம் வயசு இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாட்ச் ரிப்பேர்காரர்கள் வைக்கும் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு வேலை பார்க்கிறார். சாவியை நீட்டியதும் விலை சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். “எல்லா இடத்துலயும் இப்படித்தானா, இல்ல ஒரு இடத்துல மட்டுமா? இன்னொரு சாவி வச்சிருக்கியளா, அது எப்படி வேலை செய்யுது? ரெண்டு பட்டனும் தகராறா, ஒண்ணு மட்டுமா? வண்டிக்குள்ள சார்ஜர், கேமரான்னு ஏதாவது மாட்டிருக்கியளா?” டாக்டரிடம்கூட இப்போதெல்லாம் இத்தனை கேள்வி வருவதில்லை.

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு. நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான கார் ரிமோட்கள் 433 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் பேசுகின்றன. குறைந்த சக்தியில் யாரும் லைசன்ஸ் இல்லாமல் உபயோகிக்கலாம் என்று விட்டிருக்கிற அலைவரிசை அது, அதனால் வயர்லெஸ் காலிங் பெல், கேட் ரிமோட் என்று பலதும் அங்கேயே குடித்தனம் நடத்துகின்றன. வீட்டில் ஒழுங்காகத் திறக்கிற வண்டி ஏதோ ஒரு ஜவுளிக்கடை பார்க்கிங்கில் மட்டும் திறக்கவில்லை என்றால் சாவியைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, கதவை ஒட்டிப் போய் அமுக்க வேண்டும், அதற்கும் கேட்காவிட்டால் சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருப்ப வேண்டியதுதான். இரண்டு சாவியும் ஒரே மாதிரி அடம்பிடித்தால் கோளாறு பெரும்பாலும் வண்டிப் பக்கம், அதாவது காரின் 12 வோல்ட் பேட்டரி, ஃபியூஸ், ரிசீவர். ஒரு சாவி மட்டும் என்றால் அதற்குள்ளேதான் தேட வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் ஸ்பேர் சாவியை எடுத்து அமுக்கிப் பார்ப்பதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் அதைச் செய்யாமலே கடைக்கு வருகிறவர்கள்தான் பாதிப் பேர் என்கிறார் அண்ணாச்சி.

எங்கள் ஸ்பேர் சாவி ஒழுங்காக வேலை செய்தது. அதனால் பிரச்சினைக்காரச் சாவியைத் திறந்தார். திறந்த விதமே பார்க்க நன்றாக இருந்தது: ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பவில்லை, தேய்ந்த பிளாஸ்டிக் தகடு ஒன்றைக் கூட்டின் இடுக்கில் நுழைத்து ஓரமாக ஓட்டிக்கொண்டே போனார், கீறல் விழாமல் பிரிந்தது. உள்ளே சிஆர் 2032 பேட்டரி. மல்டிமீட்டரை வைத்தார், 2.9 வோல்ட். பக்கத்தில் பீரோ சாவிக்காக நின்றிருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, “பேட்டரி நல்லாத்தான இருக்கு?” என்றார். புதுசு 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், ஆகவே அவர் சொன்னதும் கேட்கச் சரியாகத்தான் இருந்தது. “சும்மா இருக்கையில எல்லாம் நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி, வேலை குடுத்துப் பாக்கணும்லா” என்று சொல்லிக்கொண்டே, மீட்டர் கம்பிகளைப் பேட்டரி மேல் வைத்தபடி கட்டை விரலால் லாக் பட்டனை அமுக்கினார். 2.9 சடாரென்று 2.2-க்கு விழுந்தது. விரலை எடுத்ததும் மெள்ள ஏறி மறுபடி 2.9.

விஷயம் இதுதான். இந்த லித்தியம் வில்லைகள் தீரத் தீர வோல்ட் பெரிதாக இறங்காது, உள்ளே தடை ஏறிக்கொண்டே போகும். சும்மா அளந்தால் நல்லபடியாகக் காட்டும், ரிமோட் சிக்னல் அனுப்பக் கொஞ்சம் அதிகமாகக் கேட்ட உடனே படுத்துவிடும். சிக்னல் போகும், தூரம் போகாது. வீட்டில் மீட்டர் வைத்திருப்பவர்கள் பட்டனை அமுக்கிக்கொண்டே அளந்து பாருங்கள்.

பேட்டரி வாங்குவது பற்றியும் அவர் ஒரு பாடம் நடத்தினார், அதில் எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன். சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2025 என்றால் 2.5, 2016 என்றால் 1.6. அகலம் ஒன்றே என்பதால் 2032 இல்லாத கடையில் 2025-ஐ எடுத்துக் கொடுத்து ‘இதுவும் ஒண்ணுதான்’ என்பார்கள். போட்டால் முதல் வாரம் ஓடும், அப்புறம் குழியில் வண்டி குலுங்கும்போதெல்லாம் கான்டாக்ட் விடும். டப்பாவில் உதிரியாகக் கொட்டி வைத்து விற்பதை வாங்கவே கூடாது, ஒன்றோடொன்று உரசி அங்கேயே பாதி தீர்ந்திருக்கும். இன்னொன்று எனக்கே புதுசு: குழந்தைகள் வாயில் போட்டால் துப்ப வேண்டும் என்பதற்காகச் சில பிராண்டுகள் பேட்டரி மேல் கசப்புப் பூச்சு தடவி விற்கின்றன, சில கருவிகளில் அந்தப் பூச்சே கான்டாக்டை மறைத்துவிடும். அப்படிப் பட்டதென்றால் ஈரமில்லாத துணியில் ஓரத்தைத் துடைத்துவிட்டுப் போடச் சொன்னார். பூச்சு நல்ல எண்ணத்தில் வந்ததுதான். வில்லை பேட்டரியைப் பிள்ளைகள் விழுங்கினால் தொண்டைக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்து ஓட்டை போட்டுவிடும், அதனால் கழற்றிய பழசை மேஜை மேல் விட்டு வைக்காதீர்கள். இவர் கடையில் பழையதுக்கென்று மூடி போட்ட ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது, போடும்போது ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டிப் போடுகிறார்.

புதுப் பேட்டரி போட்டதும் லாக் எதிர்ச்சாரி வரைக்கும் போய் வேலை செய்தது. அன்லாக் மட்டும் அப்படியே. பட்டனுக்கு அடியில் நாலு காலில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதிகம் தேய்வது அதுதான். மேலே நாம் பார்க்கிற ரப்பர் பட்டன் நன்றாகத்தான் இருக்கும், அடியில் இருப்பது அமுங்கி எழும்பாமல் போயிருக்கும். இதை ஈயம் உருக்கி எடுத்துவிட்டு, அதே உயரத்தில் இன்னொன்றைத் தேடி எடுத்துப் பற்றவைத்தார். அதே உயரம் என்பது முக்கியம். உயரம் கூடினால் கூட்டை மூடியதுமே பட்டன் அமுங்கியபடி நிற்கும், புதுப் பேட்டரியும் சீக்கிரமே காலியாகிவிடும். சாவிக்கு அழகுக்குப் போடுகிற இறுக்கமான சிலிக்கான் உறையும் சில சமயம் இதே வேலையைச் செய்கிறதாம். உலோக உறை என்றால் சிக்னலையே மறைக்கும். நான் உறை போடுகிற ஆளில்லை, அதனால் இதில் எனக்கு அனுபவம் கிடையாது.

சாவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் துடைத்துக் காட்டினார், பேட்டரி கம்பியடியில் பச்சையாகக் கொஞ்சம் பூத்திருந்தது. வியர்வை, உப்புக் காற்று. உவரி, கூடங்குளம் பக்கத்து வண்டிச் சாவிகளில் இது அதிகம் என்கிறார். அதைவிட அதிகம் குற்றாலம். குற்றாலத்தில் சீசன் என்றால் இவருக்கும் சீசன். பேன்ட் பாக்கெட்டில் சாவியோடு அருவிக்குள் போய் நின்றுவிட்டு, ரெண்டு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்து, அதுவும் உதவாமல் இவரிடம் கொண்டு வருகிறார்கள். நனைந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது, அங்கேயே, அருவிக்கரையிலேயே. தண்ணீர் மட்டும் இருந்தால் போர்டு பிழைத்துக்கொள்ளும், தண்ணீரோடு மின்சாரமும் இருந்தால்தான் செம்பை அரிக்கும். அரிசி பற்றிக் கேட்டேன். “அரிசிய சோறு பொங்கலாம் அண்ணாச்சி” என்றார்.

மடக்குச் சாவிக்காரர்களுக்கு அவர் சொன்ன ஒன்றைக் கட்டாயம் எழுத வேண்டும். கூடு உடைந்தால் ஆன்லைனில் வெறும் கூடு வாங்கி, போர்டை மட்டும் எடுத்துப் புதுக் கூட்டில் வைத்து வீட்டிலேயே மாற்றுகிறார்கள். கதவு திறக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஏனென்றால் பல சாவிகளில் இம்மொபிலைசர் சிப், அதாவது இது இந்த வண்டியின் சாவிதான் என்று வண்டிக்கு அடையாளம் சொல்கிற சிப், போர்டில் இருக்காது, கூட்டின் ஒரு மூலையில் கருப்பாகத் தனியாகச் செருகியிருக்கும். அதற்குப் பேட்டரியும் வேண்டாம், சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள காயில் அனுப்புகிற சக்தியிலேயே அது பதில் சொல்லும். பழைய கூட்டைக் குப்பையில் போட்டவர்கள் சிப்பையும் சேர்த்துப் போட்டவர்கள், அப்புறம் புதுச் சாவிச் செலவுதான். கூடு மாற்றினால் பழையதை வண்டி ஸ்டார்ட் ஆகிற வரைக்கும் கையில் வைத்திருங்கள்.

பட்டன் ஸ்டார்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே தத்துவம்தான். ரிமோட் பேட்டரி மாஞ்சோலை ஏறுகிற வழியில் செத்துப்போனாலும் பதற வேண்டாம், ரிமோட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன கிளிப்பை நகர்த்தினால் உள்ளே சாதாரண சாவி இருக்கும், அதில் கதவைத் திறந்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்து அமுக்கினால் அநேக வண்டிகள் கிளம்பிவிடும். சில வண்டிகளில் ரிமோட்டை வைக்கிற இடம் வேறு, மேனுவலில் படம் இருக்கும். இந்த வகைச் சாவியை வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்துச் சுவர் ஆணியில் தொங்கவிடாதீர்கள், வண்டியும் சாவியும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருந்து பேட்டரியைத் தின்றுவிடும்.

சரி, சார்ஜர். சாவி வேலை முடிந்த பிறகு அண்ணாச்சி வண்டிப் பக்கம் வந்து பார்த்தார். சிகரெட் லைட்டர் துவாரத்தில் 99 ரூபாய் ரக யுஎஸ்பி சார்ஜர் ஒன்று, நீல லைட் எரிந்துகொண்டு. எங்கள் வண்டியில் இக்னிஷனை அணைத்தாலும் அந்தத் துவாரத்தில் கரண்ட் இருக்கும். “இந்தச் சவத்த மொதல்ல கழட்டுங்க” என்றார். கழற்றிவிட்டு மறுபடி தூரத்திலிருந்து அமுக்கினால், எட்டும் தூரம் இன்னும் கொஞ்சம் கூடியது, கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். மலிவுச் சார்ஜர்களும் சில டேஷ் கேமராக்களும் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும்போது அலை இரைச்சலைச் சுற்றிலும் கக்குகின்றன, பக்கத்தில் இருக்கிற ரிசீவர் அந்த இரைச்சலுக்குள் சாவியின் மெல்லிய குரலைத் தேட வேண்டியிருக்கிறது. ப்ளூடூத் அழைப்பில் பின்னணியில் கேட்ட ‘ங்ஙீ’ சத்தமும் அதோடு போய்விட்டது. எதிர்க்குரல் மெலிசாகக் கேட்கிற சங்கதி மட்டும் போகவில்லை.

அதற்கு அண்ணாச்சி, பாட்டுப்பெட்டி வேலை நமக்குத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, வண்ணார்பேட்டைப் பக்கம் ஸ்டீரியோ வேலை பார்க்கிற ஒரு பையனிடம் அனுப்பினார். பாதி மார்க் போனது அங்கேதான். பையன் கை சுத்தம், வேலை தெரிந்தவன், ஆனால் வாயைத் திறந்ததுமே “அண்ணே, பழசக் கழட்டிட்டு 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு போட்ருவோம்” என்றான். போன் சத்தம் கேட்கவில்லை என்று போனவனுக்கு 9 இஞ்ச் திரை எதற்கு? கொஞ்சம் கறாராகப் பேசிய பிறகுதான் கோளாறைத் தேட உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு நன்றாகவே தேடினான், அதையும் சொல்ல வேண்டும்.

இதில் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது, நமக்கு அவர்கள் குரல் கேட்கவில்லையா, அவர்களுக்கு நம் குரல் கேட்கவில்லையா என்பது. இரண்டும் வேறு வேறு வியாதி, ஒன்றுக்கு ஸ்பீக்கர், மற்றதுக்கு மைக். ‘ப்ளூடூத் சவுண்ட் கம்மி’ என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் சரி பண்ண முடியாது.

எனக்குக் கேட்காததுதான் குறை. ப்ளூடூத்தில் பாட்டு ஒரு வழியில் வரும், பேச்சு வேறு வழியில் வரும். பாட்டுக்கு ஏ2டிபி, பேச்சுக்கு எச்எஃப்பி என்று பெயர். அநேக ஸ்டீரியோக்கள் பாட்டு, அழைப்பு, ரிங்டோன், வழிகாட்டிக் குரல் எல்லாவற்றுக்கும் தனித்தனி சத்த அளவை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பாட்டை 30-க்கு ஏற்றி வைத்திருந்தாலும் அழைப்பு 8-லேயே உட்கார்ந்திருக்கும். அதை மாற்றுவதற்கு அழைப்பு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அப்போது திருகினால்தான் அந்தக் கணக்கில் ஏறும். அழைப்பு முடிந்த பிறகு திருகினால் பாட்டுக்குத்தான் போகும். ஆகவே வண்டியை ஓரம் கட்டிவிட்டு, வீட்டுக்கு ஒரு போன் போட்டு, பேச விட்டுக்கொண்டே ஸ்டீரியோ குமிழைத் திருகுங்கள், அப்புறம் போனின் பக்கவாட்டு பட்டனையும் அமுக்கி ஏற்றுங்கள். இரண்டும் ஏறியிருக்க வேண்டும். கார் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில ஸ்டீரியோக்களில் இந்த ஞாபகம் அழிந்து பழைய அளவுக்கே போய்விடும். ‘பேட்டரி மாத்துனதுல இருந்து கேக்க மாட்டேங்குது’ என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

வாட்ஸ்அப் அழைப்பையும் சாதாரண அழைப்பையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், ஒன்றில் சரியாக இருந்து மற்றதில் மெலிசாகக் கேட்பது உண்டு. அப்புறம் இன்னொரு போனை அதே வண்டியில் இணைத்துப் பார்க்க வேண்டும், நம் போனை இன்னொரு வண்டியிலோ ப்ளூடூத் ஸ்பீக்கரிலோ இணைத்துப் பார்க்க வேண்டும். இது போதும், கோளாறு போனிலா வண்டியிலா என்று பாதிக்கு மேல் தெரிந்துவிடும். போனில்தான் என்றால் இரண்டு பக்கமும் பழைய இணைப்பை அழித்துவிட்டு முதலிலிருந்து இணைத்தால் நிறைய தடவை சரியாகிவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் அழித்தால் போதாது. வீடியோக்களில் போன் செட்டிங்கில் டெவலப்பர் ஆப்ஷனுக்குள் போய் ‘அப்சல்யூட் வால்யூம்’ என்பதை அணைக்கச் சொல்வார்கள். அது பாட்டுச் சத்தத்துக்கான அமைப்பு, பேச்சு போகிற வழியில் அதற்கு வேலையில்லை, பாட்டிலும் குறை இருக்கிறவர்கள் வேண்டுமானால் செய்து பார்க்கலாம்.

எங்கள் வண்டியில் என் தம்பியின் போனிலும் அதே மெல்லிய குரல்தான் வந்தது, ஆக வண்டிப் பக்கம். பையன் அழைப்பை ஓட விட்டு ஒவ்வொரு கதவிலும் காதை வைத்துக் கேட்டான். அங்கேதான் மாட்டியது. இந்த ஸ்டீரியோ பேச்சுக் குரலை முன் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் அனுப்புகிற ரகம். முன், பின் ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பங்கிடுகிற ஃபேடரைப் பழைய ஓனர் பின்பக்கமாகத் தள்ளி வைத்திருந்ததால் பாட்டு பின்னாலிருந்து வண்டி அதிரக் கேட்டது, முன்னால் வெறும் முணுமுணுப்பு. ஃபேடரை நடுவுக்குக் கொண்டுவந்ததும் இடது பக்கம் குரல் கணீரென்று வந்தது, டிரைவர் பக்கம் ஊமை. கதவு உறையைக் கழற்றினால் ஸ்பீக்கர் முனை கருத்துப் போயிருந்தது. கண்ணாடி ரப்பர் தளர்ந்து, ஐப்பசி கார்த்திகை மழைத் தண்ணீர் அதன் வழியே ஒழுகி ஸ்பீக்கர் மேல் சொட்டியிருக்கிறது. முனையைச் சுரண்டி மாட்டி, மேலே பிளாஸ்டிக் தாளை மறைப்பாக ஒட்டினான். ஸ்பீக்கரை மாற்ற வேண்டியிருக்கவில்லை, ஸ்டீரியோவை மாற்ற வேண்டியிருக்கவே இல்லை.

இப்போது 80 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் எதிர்க்குரல் கேட்கிறது. குரல் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரிதான் வரும், அதற்கு இந்தப் பழைய ஸ்டீரியோவில் வழியில்லை. அகலமான, அதாவது இன்னும் தெளிவான குரலுக்கு இடம் கொடுத்தது எச்எஃப்பியின் 1.6 பதிப்பு, 2011-இல் வந்தது. போன், ஸ்டீரியோ இரண்டிலும் அந்த வசதி இருந்தால்தான் தெளிவு கூடும். சத்தத்தை ஏற்றுவதால் தெளிவு வராது, கூடுதலாக எதிரொலிதான் வரும். ‘நான் பேசுறது எனக்கே திரும்பக் கேக்குது’ என்று எதிர்முனையில் சொன்னால், நம் ஸ்பீக்கர் குரல் நம் மைக்குக்குள்ளேயே போகிறது என்று அர்த்தம். ஸ்டீரியோவில் குறைத்து, போனில் ஏற்றிப் பாருங்கள்.

மைக் பற்றிச் சுருக்கமாக: கம்பெனி வண்டிகளில் அது பெரும்பாலும் மேலே கூரை லைட் பக்கம் சின்ன ஓட்டைகளுக்குப் பின்னால் இருக்கும், வெளியே வாங்கிப் போட்ட ஸ்டீரியோவில் முகப்பிலேயே ஊசித் துளையாக இருக்கும். இரண்டாவது வகையில் பக்கத்து ஏசி வென்ட் நேராக அதன் மேல் ஊதினால் எதிரில் இருப்பவருக்குப் பணகுடிக் காற்றாடிக்கு அடியில் நின்று பேசுகிற சத்தம்தான் கேட்கும். வென்ட்டைத் திருப்பிவிட்டு ஒருமுறை பேசிப் பாருங்கள். போதவில்லை என்றால் ஸ்டீரியோவின் பின்னால் தனி மைக்குக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து, கண்ணாடித் தூண் ஓரமாக வயர் இழுத்து மைக் ஒட்டச் சொல்லலாம். பையன் அதற்கு 400 ரூபாய் சொன்னான், எனக்குத் தேவைப்படவில்லை.

செலவுக் கணக்கு: சாவிக்கடையில் பேட்டரி, ஸ்விட்ச், துடைத்தது எல்லாம் சேர்த்து 280 ரூபாய். ஸ்டீரியோ பையனுக்கு 500, அது கொஞ்சம் கூடுதல் என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் கதவு உறையைக் கிளிப் உடையாமல் கழற்றி மாட்டினான், அதனால் பேரம் பேசவில்லை. சாவிக்கடையில் பில் கிடையாது, எழுத்தில் வாரண்டியும் கிடையாது. ஸ்விட்ச் மறுபடி போனால் கொண்டு வாங்க என்று வாய்வார்த்தைதான். கூகுள் பே உண்டு. புதுச் சாவி கோடிங், அதாவது புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்துகிற வேலை, செய்ய வேண்டுமென்றால் ஆர்சி புக்கும் ஆதாரும் கொண்டு போங்கள், இல்லாமல் தொடவே மாட்டார். நான் நின்றபோது ஒருவரை அப்படியே திருப்பி அனுப்பினார், அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தும் நடக்கவில்லை. சமீபத்திய மாடல்கள் சிலவற்றுக்கு என் மெஷினில் வராது, கம்பெனிக்கே போங்க என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வண்டி நிறுத்த இடமே இல்லை. ஸ்கூல் விடுகிற நேரத்தில் போனால் அந்த ரோட்டில் ஒதுங்கக்கூட முடியாது, காலையில் கடை திறந்த கையோடு போவது நல்லது. வரிசை என்று ஒன்று கிடையாது, முன்னால் வந்தவர் யார் என்று நீங்களே ஞாபகப்படுத்த வேண்டும். வேலை நடுவில் பேச்சு அதிகம், அவசரக்காரர்களுக்குச் சரிப்படாது. ஞாயிறு லீவு. போனில் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள், ஊரார் போனுக்கெல்லாம் வழி சொல்லி அனுப்புகிற அண்ணாச்சி தன் போனை மட்டும் எடுப்பதே இல்லை.